ஒரு பக்கம் எக்ஸ்பி, மறுபக்கம் விண்டோஸ் 11: கோப்பை எந்த வழியில் கொண்டுபோவது?

வீட்டில் இரண்டு கணினிகள். பழையதில் விண்டோஸ் எக்ஸ்பி. அதில்தான் பழைய ஸ்கேனர் வேலை செய்கிறது. பாமினி எழுத்துருவில் அடித்த பேஜ்மேக்கர் கோப்புகளும் பத்துப் பதினைந்து வருடப் படங்களும் அதில்தான் இருக்கின்றன. புதியதில் விண்டோஸ் 11. இரண்டும் ஒரே ரவுட்டரில் இருக்கின்றன, இரண்டிலும் இணையம் வருகிறது. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றைத் திறந்தால் "நெட்வொர்க் பாத் கிடைக்கவில்லை" என்று 80070035 எண்ணோடு ஒரு பிழை வந்து நிற்கிறது.

இதற்குக் குறைந்தது ஐந்து வழிகள் உண்டு. எது சரி என்பதை மூன்று கேள்விகள் தீர்மானிக்கின்றன. பழைய கணினி எக்ஸ்பியா, விண்டோஸ் 7-ஆ? கோப்புகளை ஒரே ஒரு முறை மாற்றினால் போதுமா, தினமும் போய்வர வேண்டுமா? ஃபோல்டரைத் திறந்து வைப்பது எந்தக் கணினி, போய் எடுப்பது எந்தக் கணினி? மூன்றாவதைப் பெரும்பாலானோர் கேட்டுக்கொள்வதே இல்லை. பாதுகாப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது.

முதலில், இரண்டும் ஒரே நெட்வொர்க்கில்தான் இருக்கின்றனவா?

எந்த வழிக்குப் போவதற்கு முன்பும் இரண்டு கணினிகளின் ஐபி முகவரியையும் (நெட்வொர்க்கில் அதற்குரிய எண்) பாருங்கள். இரண்டும் 192.168.1 என்று தொடங்கிக் கடைசி எண் மட்டும் மாறியிருந்தால் சரி. ஒன்று 192.168.1.5, மற்றொன்று 192.168.0.7 என்றிருந்தால் வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் ஓடுகின்றன என்று பொருள். ஃபைபர் இணைப்போடு வந்த பெட்டியே ஒரு ரவுட்டர்; அதன் பின்னால் நாம் வாங்கி மாட்டியது இன்னொன்று. பழைய கணினி ஒன்றிலும் புதியது மற்றொன்றிலும் மாட்டிக்கொண்டால் இணையம் இரண்டுக்கும் வரும், ஆனால் ஒன்றையொன்று பார்க்காது. இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் நிலைக்கு (தனி நெட்வொர்க் உருவாக்காமல் முதலாவதை நீட்டிக்க மட்டும் செய்யும் நிலை) மாற்றினால் தீர்ந்துவிடும். அந்த வசதி இல்லாத ரவுட்டரென்றால், முதலில் அதன் சொந்த முகவரியை முதல் ரவுட்டரின் வரிசையிலேயே யாரும் பயன்படுத்தாத ஓர் எண்ணாக மாற்றுங்கள். பிறகு அதில் டிஎச்சிபியை (கணினிகளுக்கு முகவரி வழங்கும் வசதியை) அணைத்து, வான் (இணையம் வரும்) துளையில் இருக்கும் கேபிளை லேன் (கணினிகளை மாட்டும்) துளைக்கு மாற்றுங்கள்.

முகவரி 169.254 என்று தொடங்கினால் அந்தக் கணினிக்கு ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை. கேபிளையோ வைஃபையையோ பாருங்கள். எக்ஸ்பியில் சர்வீஸ் பேக் 3 இல்லையென்றால் டபிள்யூபிஏ2 என்ற பாதுகாப்பு முறையுள்ள வைஃபை தகராறு செய்யும். டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்த ரவுட்டரில் எக்ஸ்பி சேரவே சேராது. விருந்தினர் வைஃபையில் சேர்த்த கணினியை மற்றவை பார்க்க முடியாதபடி ரவுட்டரே தடுத்துவிடும். இந்தத் தொல்லைகள் எதுவும் வேண்டாமென்றால் எக்ஸ்பியைக் கேபிளில் மாட்டுங்கள். வேகத்துக்கும் அதுவே நல்லது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். விண்டோஸ் 11-இல் "நெட்வொர்க்" பகுதியைத் திறந்தால் எக்ஸ்பி கணினி தெரியவில்லை என்பதால் இணைப்பே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். புதிய விண்டோஸ் மற்றக் கணினிகளைக் கண்டுபிடிக்கும் முறை வேறு. எக்ஸ்பிக்கு அந்த முறை தெரியாது. பட்டியலில் பெயர் வருவதும் ஃபோல்டர் திறப்பதும் தனித்தனி விஷயங்கள். எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.15 என்பதுபோல் பழைய கணினியின் ஐபியை நேரடியாக அடித்துப் பாருங்கள். அதிலும் திறக்கவில்லை என்றால்தான் கோளாறு. வொர்க்குரூப் பெயர் வேறாக இருப்பதும் இப்படி நேரடியாகப் போவதைத் தடுக்காது. எக்ஸ்பி ஹோமில் எம்எஸ்ஹோம் என்றும் மற்றவற்றில் வொர்க்குரூப் என்றும் பெயர் இருப்பதை மாற்றி மாற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பழையது விண்டோஸ் 7 என்றால்

உங்கள் வேலை எளிது. விண்டோஸ் கணினிகள் கோப்பைப் பகிரப் பேசும் மொழிக்கு எஸ்எம்பி என்று பெயர். எக்ஸ்பிக்கு அதன் முதல் பதிப்பு (எஸ்எம்பி1) மட்டுமே தெரியும். விஸ்டாவோடு இரண்டாம் பதிப்பு வந்தது. 2009-இல் வந்த விண்டோஸ் 7 பேசுவது 2.1. இன்றைய விண்டோஸ் 11 அதை எந்தத் தயக்கமும் இல்லாமல் ஏற்கிறது. ஆகவே விண்டோஸ் 7-க்காக எஸ்எம்பி1-ஐ இயக்கச் சொல்லும் அறிவுரை எங்கே கிடைத்தாலும் அதைத் தள்ளிவிடுங்கள். தேவையில்லாமல் கதவைத் திறந்து வைப்பதுதான் அது. ஹோம்குரூப் என்ற பழைய பகிர்வு வசதியையும் மறந்துவிடலாம். 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலேயே அதை எடுத்துவிட்டார்கள்.

விண்டோஸ் 7-க்கும் 11-க்கும் நடுவில் தகராறு பெரும்பாலும் பாஸ்வேர்டில்தான். புதிய கணினியில் தினமும் நான்கு இலக்க பின் எண் போட்டு நுழைகிறோம். அந்த எண் அந்தக் கணினிக்கு மட்டும்தான். நெட்வொர்க் வழியாக அது செல்லாது. பழைய கணினியில் பாஸ்வேர்டே இல்லாத கணக்கு இருந்தாலும் இதே கதைதான்: பாஸ்வேர்டு காலியாக உள்ள கணக்கை நேரில் உட்கார்ந்து திறக்கலாம், நெட்வொர்க் வழியாகத் திறக்க விண்டோஸ் விடாது. "பாஸ்வேர்டே வைக்கவில்லையே, ஏன் கேட்கிறது" என்று குழம்புபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

தீர்வு ஒன்றே. எந்தக் கணினி ஃபோல்டரைத் திறந்து வைக்கிறதோ அதில் பகிர்வுக்கென்றே ஒரு தனிக் கணக்கை உருவாக்குங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டாம். அந்தக் கணினிக்கு மட்டுமான லோக்கல் கணக்கு, ஒரு நல்ல பாஸ்வேர்டோடு. ஃபோல்டரின் ஷேரிங் பகுதியிலும் செக்யூரிட்டி பகுதியிலும் அந்தக் கணக்கைச் சேருங்கள். இரண்டிலும் அனுமதி வேண்டும்; இரண்டில் எது கறாரோ அதுவே செல்லும். மறுபக்கத்திலிருந்து திறக்கும்போது பயனர்பெயருக்கு முன்னால் அந்தக் கணினியின் பெயரையும் \ என்ற சாய்கோட்டையும் சேர்த்து அடியுங்கள். இல்லையென்றால் எந்தக் கணினியின் கணக்கு என்று விண்டோஸ் தவறாக எடுத்துக்கொள்ளலாம்.

பாஸ்வேர்டு பாதுகாப்பையே அணைத்துவிட்டு "விருந்தினராக" நுழைவது பழைய வழக்கம். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில், புரோ வகையில், அது நின்றுவிட்டது. ஒவ்வொரு தகவலிலும் கையொப்பம் (தகவல் நடுவில் மாற்றப்படவில்லை என்று காட்டும் குறி) வேண்டும் என்று அது கேட்கிறது. பாஸ்வேர்டு இல்லாத விருந்தினரால் கையொப்பமிட முடியாது. புதிய அப்டேட் வந்தபின் திடீரென்று இணைப்பு போய்விட்டதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை.

இவ்வளவும் சரியாக இருந்தும் திறக்கவில்லையா? திறந்து வைக்கும் கணினியில் நெட்வொர்க் வகை "பப்ளிக்" என்று இருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் 11 என்றால் அதைப் "பிரைவேட்" என்றும், விண்டோஸ் 7 என்றால் "ஹோம்" அல்லது "வொர்க்" என்றும் மாற்றினால்தான் ஃபயர்வால் வழிவிடும். தனியாக வாங்கிப் போட்ட ஆன்டிவைரஸில் சொந்த ஃபயர்வால் இருந்தால் அதிலும் இதேபோல் மாற்ற வேண்டும்.

எக்ஸ்பி, ஒரே ஒரு முறை மாற்றினால் போதும் என்றால்

அப்படியென்றால் நெட்வொர்க்கையே மறந்துவிடுங்கள் என்பதுதான் என் பரிந்துரை. பென்டிரைவ், அல்லது ஹார்டு டிஸ்கையே கழற்றி மாட்டுவது.

நேரக்கணக்கைப் பாருங்கள். 40 ஜிபி மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்பி காலத்து 100 எம்பிபிஎஸ் லேன் கார்டில் நடைமுறையில் நொடிக்கு 11 எம்பி அளவு போகும். ஏறத்தாழ ஒரு மணி நேரம். அந்தக் காலத்து 54 எம்பிபிஎஸ் வைஃபையில் நொடிக்கு 2 முதல் 2.5 எம்பி கிடைத்தாலே அதிகம். நாலரை மணி நேரத்துக்குக் குறையாது, நடுவில் அறுந்தால் இன்னும் கூடும். யுஎஸ்பி 2.0 துளையில் வெளி ஹார்டு டிஸ்க் என்றால் நொடிக்கு 30 எம்பி அளவு வரும். அரை மணிக்குள் முடியும். ஆனால் துளை யுஎஸ்பி 1.1 ஆக இருந்தால் நொடிக்கு ஒரு எம்பிதான், பதினொரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2002-க்கு முந்தைய மதர்போர்டுகளில் இதை எதிர்பார்க்கலாம். "இதைவிட வேகமான துளையில் மாட்டலாம்" என்று எக்ஸ்பியே ஒரு சிறு பெட்டியில் சொன்னால் நிறுத்திவிட்டு வேறு துளையைத் தேடுங்கள்.

பென்டிரைவை எப்படி ஃபார்மட் செய்வது என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. எஃப்ஏடி32 என்றால் ஒரே கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது. கல்யாண வீடியோ ஒன்று வந்தால் நடுவழியில் "இடமில்லை" என்று நின்றுவிடும், டிரைவ் பாதி காலியாக இருந்தாலும். எக்ஸ்எஃப்ஏடி என்றால் எக்ஸ்பிக்கு 955704 என்ற எண்ணுள்ள தனி அப்டேட் போட்டிருந்தால்தான் படிக்கும். ஆகவே என்டிஎஃப்எஸ் என்று ஃபார்மட் செய்யுங்கள். இரண்டும் படிக்கும், அளவுச் சிக்கலும் இல்லை. ஆனால் "சேஃப்லி ரிமூவ்" கொடுக்காமல் பிடுங்க வேண்டாம். வெளி ஹார்டு டிஸ்க் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 32-பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறை புரியாது. எம்பிஆர் முறையில் பிரித்த டிஸ்க் வேண்டும்.

எக்ஸ்பியிலிருந்து வரும் பென்டிரைவில் வைரஸ் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். புதிய கணினியில் செருகியதும் திறக்காமல், டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து டிஃபெண்டரால் சோதியுங்கள். ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் எதையும் கிளிக் செய்ய வேண்டாம். உங்கள் உண்மையான ஃபோல்டர்கள் பெரும்பாலும் அதே டிரைவில் மறைத்து வைக்கப்பட்டு அப்படியே இருக்கும்.

கோப்புகள் நூறு ஜிபியைத் தாண்டினாலோ பழைய கணினி சரியாக எழுந்திருக்கவே மறுத்தாலோ டிஸ்கைக் கழற்றுவது மேல். எக்ஸ்பி காலத்து மேஜைக் கணினியில் 40 முள் ஐடிஈ டிஸ்க், மடிக்கணினியில் 44 முள் ஐடிஈ, சற்றுப் பின்னால் வந்தவற்றில் சாட்டா. மூன்றையும் ஏற்கும் யுஎஸ்பி அடாப்டர்கள் கணினிக் கடைகளில் கிடைக்கின்றன. வாங்கும்போது 12 வோல்ட் மின் அடாப்டர் கூடவே வருகிறதா பாருங்கள்; 3.5 அங்குல டிஸ்க் யுஎஸ்பி மின்சாரத்தில் மட்டும் சுழலாது. ஐடிஈ டிஸ்கின் பின்னால் உள்ள ஜம்பரை (முள்களில் மாட்டும் சிறு பிளாஸ்டிக் துண்டு) மாஸ்டர் நிலையில் வையுங்கள். ஸ்லேவ் நிலையில் இருந்தால் பல அடாப்டர்களுக்கு டிஸ்க் தெரியாது. மாட்டியதும் "ஃபார்மட் செய்யட்டுமா" என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். டிஸ்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் அப்போதே மின்சாரத்தை நிறுத்திவிடுங்கள். மேலும் மேலும் முயன்றால் மீட்கக்கூடியதும் போய்விடும்.

கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை கட்டாயம். எக்ஸ்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே எக்ஸ்ப்ளோரரில் எந்தக் கோப்பின் பெயராவது பச்சை நிறத்தில் இருக்கிறதா பாருங்கள். பச்சை என்றால் அது எக்ஸ்பி புரோவின் வசதியால் பூட்டப்பட்ட கோப்பு. அதன் சாவி அந்தக் கணினியின் பயனர் கணக்கில் இருக்கிறது. டிஸ்கை மட்டும் புதிய கணினியில் மாட்டினால் கோப்பு தெரியும், திறக்காது. அதே எக்ஸ்பியில் பிராபர்ட்டீஸ், அட்வான்ஸ்டு போய் அந்த என்கிரிப்ட் டிக்கை எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். சாதாரணக் கோப்புகள் "அனுமதி இல்லை" என்று சொன்னால் அது வேறு. "கன்டினியூ" கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் திறந்துவிடும்.

டிடிபி வேலை செய்தவர்கள் எழுத்துருக்களையும் மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த கோப்பில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறிகள்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பக்கம் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கிலமாகத் தெரியும். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாகப் பிரதி எடுத்தால் போதும்.

எக்ஸ்பி, தினமும் போய்வர வேண்டும் என்றால்

ஸ்கேனர் எக்ஸ்பியில் இருக்கிறது, ஸ்கேன் செய்த படம் உடனே புதிய கணினிக்கு வர வேண்டும். இந்த மாதிரித் தேவைக்கு பென்டிரைவ் அலுப்புத் தட்டும். இரண்டு வழிகள் உண்டு: புதிய கணினியில் எஸ்எம்பி1-ஐ இயக்குவது, அல்லது நடுவில் ஒரு மூன்றாம் பெட்டியை (இரண்டுக்கும் பொதுவாகக் கோப்புகளை வைத்திருக்கும் தனிக் கருவி) வைப்பது.

எஸ்எம்பி1 ஏன் ஒதுக்கப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் முடிவெடுக்க முடியும். 2017 மே மாதம் உலகம் முழுவதும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை பரவியது எஸ்எம்பி1-இல் இருந்த ஓர் ஓட்டை வழியாக. அதற்கான திருத்தம் அந்த மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். 2014 ஏப்ரலிலேயே ஆதரவு முடிந்துபோன எக்ஸ்பிக்கும் விதிவிலக்காக ஒரு திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது, எண் 4012598. உங்கள் எக்ஸ்பியில் அது போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் அந்தக் கணினியை நெட்வொர்க்கில் வைக்கவே வேண்டாம். 2017 அக்டோபரில் வந்த 1709 பதிப்பிலிருந்து விண்டோஸ் 10 எஸ்எம்பி1-ஐப் படிப்படியாகக் கைவிடத் தொடங்கியது.

விண்டோஸ் 11-இல் "டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்" என்ற பட்டியலைத் திறந்தால் எஸ்எம்பி 1.0 என்ற தலைப்பின்கீழ் மூன்று பெட்டிகள் இருக்கும்: கிளையன்ட், சர்வர், ஆட்டோமேட்டிக் ரிமூவல். பலர் மூன்றையும் டிக் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இங்கேதான் மூன்றாவது கேள்வி முக்கியமாகிறது. கிளையன்ட் என்பது புதிய கணினி எக்ஸ்பியிடம் போய்க் கேட்டு எடுப்பதற்கு. சர்வர் என்பது எக்ஸ்பி வந்து புதிய கணினியின் கதவைத் தட்டுவதற்கு. சர்வரை இயக்கினால் நெட்வொர்க்கில் யார் தட்டினாலும் அந்தப் பழைய மொழியில் உங்கள் புதிய கணினி பதில் சொல்லும். கிளையன்ட் மட்டும் என்றால் நீங்கள் போய்க் கேட்கும்போது மட்டும்தான் அது பழைய மொழியில் பேசும். அபாயம் இல்லாமல் போய்விடாது, ஆனால் வித்தியாசம் மிகப் பெரியது.

ஆகவே ஃபோல்டரை எக்ஸ்பியில் திறந்து வையுங்கள். புதிய கணினி போய் எடுக்கட்டும், புதிதாக ஏதாவது எக்ஸ்பிக்குப் போக வேண்டுமென்றாலும் புதிய கணினியே கொண்டுபோய் வைக்கட்டும். புதியதில் கிளையன்ட் பெட்டியை மட்டும் டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். சர்வர் பெட்டியைத் தொட வேண்டாம்.

எக்ஸ்பி புரோ பக்கம் செய்ய வேண்டியவை: மை கம்ப்யூட்டரில் டூல்ஸ், ஃபோல்டர் ஆப்ஷன்ஸ், வியூ போய்க் கடைசியில் உள்ள "யூஸ் சிம்பிள் ஃபைல் ஷேரிங்" டிக்கை எடுங்கள். அது இருக்கும்வரை எந்தப் பெயரில் வந்தாலும் எக்ஸ்பி விருந்தினராகவே நடத்தும். பகிர்வுக்கென்று பாஸ்வேர்டோடு ஒரு கணக்கு. விண்டோஸ் ஃபயர்வாலின் எக்செப்ஷன்ஸ் பகுதியில் "ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்" டிக் இருக்க வேண்டும். அதன் ஸ்கோப்பை "மை நெட்வொர்க்" என்று மட்டும் வையுங்கள். புதிய கணினி 24எச்2 புரோ என்றால் கையொப்பத்தையும் இயக்க வேண்டும்: எக்ஸ்பியில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டூல்ஸ், லோக்கல் செக்யூரிட்டி பாலிசி, செக்யூரிட்டி ஆப்ஷன்ஸ் போய், "மைக்ரோசாஃப்ட் நெட்வொர்க் சர்வர்" என்று தொடங்கி "இஃப் கிளையன்ட் அக்ரீஸ்" என்று முடியும் வரியை எனேபிள் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். எக்ஸ்பியில் அது அணைந்தே வரும்.

எக்ஸ்பி ஹோம் என்றால் சிம்பிள் ஷேரிங்கை அணைக்கவே முடியாது, எப்போதும் விருந்தினர்தான். அதை வைத்துப் புதிய விண்டோஸோடு போராட வேண்டாம். கீழே "மூன்றாம் பெட்டி" என்ற தலைப்பில் வரும் வழிக்குப் போய்விடுங்கள்.

பாஸ்வேர்டு சரி என்று உறுதியாகத் தெரிந்தும் எக்ஸ்பி மறுத்துக்கொண்டே இருந்தால் அதன் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோன பழைய கணினிகள் ஒவ்வொரு முறையும் 2002, 2003 என்று எழுந்திருக்கும். புதிய விண்டோஸ் அனுப்பும் பாஸ்வேர்டுச் சோதனையில் நேரமும் அடங்கியிருக்கிறது. இரண்டு கடிகாரங்களும் வெகுவாக விலகியிருந்தால் சரியான பாஸ்வேர்டையும் தவறு என்று சொல்லக்கூடும். ஒரு பேட்டரி மாற்றினால் தீரும் கோளாறுக்காக விண்டோஸையே மறுபடி போட்டவர்கள் உண்டு.

இன்னொரு புதிர்: போன மாதம் வேலை செய்தது, இப்போது இல்லை. எஸ்எம்பி1-ஐ மொத்தம் 15 நாட்கள் பயன்படுத்தாமல் விட்டால் விண்டோஸ் தானாகவே அதை நீக்கிவிடும். ஆட்டோமேட்டிக் ரிமூவல் என்ற பெட்டியின் வேலை அதுதான். கணினி அணைந்திருந்த நாட்கள் அந்தக் கணக்கில் வராது. அந்த டிக்கை எடுத்தால் நீங்காமல் இருக்கும். ஆனால் 15 நாட்கள் தேவைப்படாத ஒன்றைத் திறந்து வைத்திருக்க வேண்டியதே இல்லை, வேண்டும்போது மறுபடி இயக்கிக்கொள்ளலாம்.

எக்ஸ்பியை வீட்டு நெட்வொர்க்கில் வைத்தும் இணையத்திலிருந்து விலக்கி வைக்க எளிய வழி உண்டு. அதன் டிசிபி ஐபி அமைப்பில் முகவரியைக் கையால் கொடுங்கள்: 192.168.1.200, மாஸ்க் 255.255.255.0. கேட்வே என்ற இடத்தைக் காலியாக விடுங்கள். 200 என்ற எண் ரவுட்டர் தானாகப் பிறருக்குக் கொடுக்கும் வரிசைக்குள் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது வீட்டுக்குள் எல்லாக் கணினிகளோடும் பேசும், வெளியே போக வழி தெரியாது. இன்னும் பத்திரம் வேண்டுமென்றால் ரவுட்டரையே விட்டுவிட்டு இரண்டு கணினிகளையும் ஒரே கேபிளால் நேராக இணைக்கலாம். ஒன்றுக்கு 192.168.50.1, மற்றொன்றுக்கு 192.168.50.2. புதிய கணினியின் லேன் கார்டு தானாகவே கம்பிகளை மாற்றிக்கொள்ளும் என்பதால் கிராஸ் கேபிள் பெரும்பாலும் தேவைப்படாது. விண்டோஸ் 11 இந்த இணைப்பைப் "பப்ளிக்" என்று சொல்லும். போய் எடுப்பது அதுதான் என்பதால் அப்படியே விட்டுவிடலாம்.

மூன்றாம் பெட்டி

தினசரித் தேவைக்கு எனக்குச் சரியென்று படுவது இதுதான். ஒரு நாஸ் பெட்டியோ (நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டி), சாம்பா (லினக்ஸில் எஸ்எம்பி பேசும் மென்பொருள்) போட்ட ராஸ்பெரி பை என்ற சிறு கணினியோ நடுவில் இருக்கட்டும். அது எக்ஸ்பியோடு எஸ்எம்பி1 பேசும், விண்டோஸ் 11-ஓடு எஸ்எம்பி3 பேசும். புதிய கணினியில் எந்தப் பெட்டியையும் டிக் செய்ய வேண்டியதில்லை. விண்டோஸ் அப்டேட் வந்து எதையாவது நீக்கிவிடுமோ என்ற கவலையும் இல்லை. நடுவில் உள்ள பெட்டிக்கு இன்றும் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கின்றன, எக்ஸ்பியைப் போல அநாதையாக இல்லை.

2019-இல் வந்த சாம்பா 4.11-இலிருந்து எஸ்எம்பி1 தானாக வராது. சாம்பாவின் அமைப்புக் கோப்பில் குளோபல் பகுதியில் "சர்வர் மின் புரோட்டோகால்" என்ற வரிக்கு என்டி1 என்ற மதிப்பைக் கொடுத்து சாம்பாவை மறுபடி தொடங்க வேண்டும். நாஸ் பெட்டிகளில் எஸ்எம்பி அமைப்பில் "குறைந்தபட்சப் பதிப்பு" என்று இதே விஷயம் இருக்கும். எக்ஸ்பி பக்கம் ஒரு மாற்றம்: லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் "லேன் மேனேஜர் ஆதென்டிகேஷன் லெவல்" என்பதை "சென்ட் என்டிஎல்எம்வி2 ரெஸ்பான்ஸ் ஒன்லி" என்று வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் எக்ஸ்பி பழைய பலவீனமான முறையில் பாஸ்வேர்டை அனுப்பும், சாம்பா மறுக்கும். எக்ஸ்பி ஹோமில் இந்த ஜன்னல் கிடையாது. ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின் கிளையில் சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், எல்எஸ்ஏ என்று போய், எல்எம் கம்பாட்டிபிலிட்டி லெவல் என்பதை 3 ஆக்க வேண்டும்.

அந்தப் பெட்டியில் எக்ஸ்பிக்கு ஒரே ஒரு ஃபோல்டரில் மட்டும் எழுத அனுமதி கொடுங்கள். குடும்பப் படங்களின் சேமிப்பு இருக்கும் ஃபோல்டரை எக்ஸ்பியின் கணக்குக்குக் காட்டவே வேண்டாம். எக்ஸ்பியில் ஏதாவது நுழைந்தால் அதன் கை அந்த ஒரு ஃபோல்டரோடு நின்றுவிடும். ராஸ்பெரி பை 3 மாடல் பி-இல் லேன் வேகம் 100 எம்பிபிஎஸ்தான். எக்ஸ்பி பக்கமும் பெரும்பாலும் அவ்வளவே என்பதால் குறையாகத் தெரியாது. ரவுட்டரின் பின்னால் உள்ள யுஎஸ்பி துளையில் டிஸ்கை மாட்டினாலே போதுமே என்று தோன்றும். ஆனால் பழைய ரவுட்டர்கள் பலவற்றுக்கு எஸ்எம்பி1 மட்டுமே தெரியும். அதில் புதிய கணினிதான் சிக்கலில் மாட்டும்.

எஃப்டிபியும் பிரவுசர் வழியும்

புதிய கணினியில் ஒரு சிறு எஃப்டிபி சர்வரையோ எச்டிடிபி சர்வரையோ (கேட்பவருக்குக் கோப்புகளைக் கொடுக்கும் மென்பொருள்) ஓடவிட்டு எக்ஸ்பியின் பிரவுசரில் ஐபி முகவரியை அடித்து இறக்குவது இன்னொரு வழி. எஸ்எம்பியே தேவையில்லை. அவசரத்துக்கு நான்கைந்து கோப்புகளை எக்ஸ்பிக்கு அனுப்ப இது நல்லது. எச்எஃப்எஸ் என்ற மென்பொருளை இதற்குப் பலர் பயன்படுத்துவார்கள். அதன் 2-ஆம் வரிசைப் பதிப்புகளில் வெளியாள் நுழையும் ஓட்டை 2024-இல் வெளிவந்ததால் 3-ஆம் வரிசையை மட்டும் போடுங்கள். எஃப்டிபியில் பாஸ்வேர்டு வெளிப்படையாகப் போகும்; வேறெங்கும் பயன்படுத்தாத ஒரு பாஸ்வேர்டை வையுங்கள், வேலை முடிந்ததும் சர்வரை நிறுத்துங்கள்.

ஆனால் தமிழில் பெயர் வைத்த கோப்புகளுக்கு எஃப்டிபி வேண்டாம். எக்ஸ்பியின் எக்ஸ்ப்ளோரர் எஃப்டிபியில் யூனிகோடு பெயர்களைச் சரியாகக் கையாளாது. "பாட்டி படம்" என்ற பெயர் சிதைந்து வரும், சில கோப்புகள் இறங்கவே இறங்காது. எக்ஸ்பியில் உள்ளடங்கிய ஜிப் வசதியும் தமிழ்ப் பெயர்களை ஏற்காது. 7-ஜிப் போட்டு 7இசட் வடிவில் சுருக்கினால் பெயர் பத்திரமாக இருக்கும். எஸ்எம்பியிலும் என்டிஎஃப்எஸ் பென்டிரைவிலும் இந்தச் சிக்கல் இல்லை. ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்: எக்ஸ்பியில் பெயர் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் தமிழ் எழுத்து காட்டும் வசதி அதில் போடப்படவில்லை, அவ்வளவுதான், பெயர் உள்ளே நலமாக இருக்கிறது. கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் பெயர் போய்விட்டது, மூலத்திலிருந்து மறுபடி எடுக்க வேண்டும்.

எந்த வழியில் மாற்றினாலும் மூலத்தை அழிப்பதற்கு முன் இரண்டு பக்கமும் ஃபோல்டரின் பிராபர்ட்டீஸைத் திறந்து, கோப்புகளின் எண்ணிக்கையையும் "சைஸ்" வரியில் அடைப்புக்குள் உள்ள பைட் எண்ணையும் ஒப்பிடுங்கள். "சைஸ் ஆன் டிஸ்க்" மாறியிருக்கலாம், அது பொருட்டல்ல. எண்ணிக்கை குறைந்தால் பெரும்பாலும் பாதை 260 எழுத்தைத் தாண்டிய கோப்புகள்தான் விடுபட்டிருக்கும். ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஆழமாக அடுக்கியவற்றை மேலே கொண்டுவந்து மறுபடி பிரதி எடுங்கள். எஸ்எம்பி1 வழியே ஒரே முறைக்காக வந்திருந்தால், எண்கள் ஒத்துப்போன பிறகு அதே பட்டியலைத் திறந்து அந்தக் கிளையன்ட் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.